குகை எரு போடாத மூன்று வரிசை

ஆல்வரின் பியூசிக்கு வயது ஐம்பத்து நான்கு. கணவன் எக்பர்ட் செத்தது பிப்ரவரியில். ஏப்ரலில் அவள் விதை போட்டாள். இடைப்பட்ட நாட்களில் என்ன செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆடுகளை அவிழ்த்துக் கட்டியிருக்கிறாள். வள்ளிக்கிழங்கு அவித்திருக்கிறாள். இரண்டு பேருக்கு அவித்துவிட்டு, மிச்சத்தை மறுநாள் தின்றிருக்கிறாள். அழுததை, பக்கத்து வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற நானே பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

எங்கள் மலையூர் குவாவா பாட்டத்தில் கஞ்சாவுக்கும் கஞ்சா என்றுதான் பேர். அதை வளர்க்கலாம் என்று சட்டம் மாறியபிறகு நாங்கள் ஒன்பது குடும்பம் சேர்ந்து ஒரே லைசென்ஸ் எடுத்தோம். தனித்தனியாக எடுக்க எவனுக்கும் வக்கில்லை. மான்டிகோ பே நகரத்தில் உள்ள ஒரு கடை எங்கள் சரக்கை எடுக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, அக்டோபரில், கடையிலிருந்து ஆள் வந்து ஒன்பது பேர் சரக்கையும் முகர்ந்து, புகைத்து, ருசி பார்த்து மார்க் போடும். பத்துக்கு ஆறுக்குக் கீழே வாங்கினால் அந்தக் குடும்பம் லைசென்ஸிலிருந்து வெளியே. கடை போட்ட விதி இல்லை அது. நாங்களே கை தூக்கிப் போட்ட விதி. ஆல்வரினும் கை தூக்கினாள்.

எக்பர்ட்டின் வேலை குகை. ஊருக்கு மேலே இரண்டு மைல் ஏறினால் சுண்ணாம்புப் பாறையில் ஒரு பொந்து. உள்ளே லட்சக்கணக்கில் வௌவால். கீழே முழங்கால் அளவு எச்சம், காய்ந்து, மாவு மாதிரி. எக்பர்ட் குனிந்து உள்ளே போய் மண்வெட்டியால் வாரி, சாக்கில் கட்டி, கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவருவான். பதினோரு வருஷம். பூ வைக்கிற நேரத்தில் ஆளுக்கு ஒரு சாக்கு. அதைப் போட்டால்தான் புகைக்கிற பூ இனிக்கும் என்று ஊரே சொல்லும். பதிலுக்கு நாங்கள் அவன் வயலில் ஒரு நாள் உழைப்போம். நாளுக்கு நாள் என்று பேர். காசு கைமாறாது.

போன கிறிஸ்துமஸில் அவனுக்கு இருமல் வந்தது. மருந்துக்கடைக்காரர் சிரப் கொடுத்தார். ஜனவரியில் காய்ச்சல். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "குகைக்குள்ள போவீங்களா?" எச்சத்தில் ஒரு பூஞ்சை இருக்கிறதாம். தூசியோடு மூச்சில் போய் நெஞ்சில் முளைக்குமாம். முளைத்துவிட்டது. மூன்று வாரம்.

ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. மழையில் நனைந்தான், குளிர் பிடித்தது என்றார்கள். எக்பர்ட்டின் தம்பி லாசெல்ஸும் அப்படித்தான் சொன்னான். அண்ணனின் மண்வெட்டியை அவனே எடுத்துக்கொண்டான்.

மே மாதக் கூட்டம் ஈனோஸ் வீட்டு முற்றத்தில் நடந்தது. ஈனோஸ்தான் தலைவர். எருக் கணக்கு எடுத்தார். யாருக்கு எத்தனை சாக்கு.

"எனக்கு வேண்டாம்" என்றாள் ஆல்வரின்.

"என்ன வேண்டாம்?"

"குகை எரு. என் வயலுக்குன்னு யாரும் அதுக்குள்ள போகக் கூடாது."

"மிஸ் ஆல்வி, வேற எதைப் போட்டு பூ எடுப்ப? ஆட்டுப் புழுக்கையா?"

"ஆமா."

"கடைக்காரன் இழுத்துப் பாத்துட்டு மேன்னு கத்துவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"சும்மா சொல்லல" என்றார் ஈனோஸ். "ஆறு மார்க் வரலன்னா நீ வெளிய. உனக்குன்னு விதியை வளைக்க முடியாது. போலீஸ்காரன் வந்தா நாளைக்கு உன் செடி திருட்டுச் செடி. புரியுதா?"

"புரியுது."

"எக்பர்ட் இருந்தா இப்படிப் பேச விடுவானா?"

"இல்லையே இப்ப."

ஈனோஸ் எருக் கணக்கில் அவள் பேரை அடித்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.

அவள் வேலையைச் சொல்கிறேன். ஐந்து வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. மண் சிவப்பு. தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. ஆட்டுப் புழுக்கையை இரண்டு மாதம் குவித்து, புரட்டி, சூடு அடங்கியபிறகு போட்டாள். கோழி எரு இலவசமாகக் கிடைத்தும் தொடவில்லை. அது சூடு, புகை தொண்டையை அறுக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் மக்கிய இலையை அள்ளி வந்தாள். அடுப்புச் சாம்பலை வரிசைக்கு ஒரு டப்பா, அதற்கு மேல் இல்லை. கடற்கரையில் ஒதுங்கும் பாசியை டாக்ஸிக்காரனிடம் சொல்லி இரண்டு மூட்டை வரவழைத்தாள். உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசினால் போதும். அவள் எண்ணிக்கை மறந்து ஒன்பது தடவை அலசினாள். நான் வேலியோரம் நின்று, "போதும் ஆல்வி, பாசி கரைஞ்சுடும்" என்றேன். அப்போதுதான் நிறுத்தினாள். நான் சொல்லாவிட்டால் பத்தாவது தண்ணீர் எடுத்திருப்பாள்.

பூ வைக்கிற நேரத்துக்கு மீன் கழிவு. ஒரு பீப்பாயில் மீன் தலை, குடல், கரும்புப் பாகு, தண்ணீர். ஆறு வாரம் மூடி வைத்து, பிறகு ஒரு குவளைக்கு ஒரு வாளி தண்ணீர் கலந்து வேரில் ஊற்ற வேண்டும். வேலி தாண்டி நாற்றம் வந்தது. அவளுக்கு நாறவில்லை. "மூக்கு அடைச்சிருக்கா?" என்று கேட்டேன். "தெரியல" என்றாள்.

ஜூலைக் கடைசியில் மரணச் சான்றிதழ் விஷயமாக அவள் ஒருநாள் முழுக்க டவுனுக்குப் போனாள். அன்றைக்கு நாங்கள் எட்டு பேர் அவள் வயலில் இறங்கினோம். செத்தவன் வீட்டுக்கு நாளுக்கு நாள் கொடுப்பது எங்கள் வழக்கம். கேட்டுவிட்டுச் செய்கிற வேலை இல்லை அது. களை எடுத்தோம். கினிப்புல்லை வெட்டி, மண் காயாமல் மூடாக்குப் போட்டோம். ஈனோஸ் வீட்டிலிருந்து ஆட்டுத்தலை சூப் வந்தது. குடித்தோம். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் அவள் கீழ் வரிசையில் புல்லை விலக்கினாள். மண்ணின்மேல் கறுப்பு மாவு. அதில் பூச்சி இறகுத் துணுக்குகள் மினுமினுத்தன. வௌவால் தின்று செரிக்காத இறகு. வேறு எந்த எருவிலும் அது இருக்காது.

லாசெல்ஸ் வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"நீயா போட்ட?"

"அஞ்சு வரிசைக்கும் சேத்து ரெண்டே சாக்கு அண்ணி. புல்லுக்கு அடியில."

"நான் வேண்டாம்னு சொன்னேன்ல?"

"சொன்ன. துக்கத்துல இருக்கிற பொம்பள ஆயிரம் சொல்லும். நீ லைசென்ஸை விட்டு வெளிய போனா அண்ணன் என் கனவுல வந்து உதைப்பான்." தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வாயில துணி கட்டிட்டுப் போனியா?"

"துணியா? உள்ள என்ன கல்யாணமா நடக்குது, மூஞ்சிய மூடிக்கிட்டுப் போக?"

அவள் திரும்பி நடந்தாள். திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் செய்த தப்பு இதுதான். வீட்டுக்காரி போட்ட கண்டிஷனைவிட வழக்கம் பெரிது என்று நினைத்தோம். அவன் சாக்கைச் சுமந்து வந்தபோது மற்ற எல்லோரும் பார்த்தோம். ஒருத்தனும் கீழே வை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, மண்ணை நனைத்து நனைத்து, மேல் மூன்று வரிசையை அவள் கையாலேயே சுரண்டி எடுத்தாள். இரண்டு நாள் ஆயிற்று. கீழ் இரண்டு வரிசையை எட்டுவதற்குள் மழை வந்து எரு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. விட்டுவிட்டாள்.

செப்டம்பரில் அறுத்தாள். மூன்று வரிசை தனி, இரண்டு வரிசை தனி. பலகைக் கொட்டகையில் வெயில் படாமல், காற்று மட்டும் நுழைகிற மாதிரி, பன்னிரண்டு நாள் தலைகீழாகத் தொங்கவிட்டாள். பிறகு கண்ணாடி ஜாடி. தினமும் இரண்டு தடவை மூடியைத் திறந்து மூடினாள். வேறு வேலை இல்லாதவள் மாதிரி அதைச் செய்தாள்.

ருசி பார்க்கிற நாளுக்கு முன்தினம் ஈனோஸ் அவள் வீட்டுக்கு வந்தார்.

"கீழ் ரெண்டு வரிசைச் சரக்கைக் கொண்டா. பேசாம பாஸாயிடும்."

"மேல் வரிசையைத்தான் வெப்பேன்."

"தோத்துட்டா?"

"தோத்துட்டுப் போறேன்."

"ஏன்மா இந்தப் பிடிவாதம்?"

"பிடிவாதம் இல்ல. வேற எதுவும் தோணல."

ஈனோஸ் கெட்டவர் இல்லை. அவளை வெளியே அனுப்ப மனசில்லாதவர். கீழ் வரிசை ஜாடி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவள் தடுக்கவில்லை.

கடையிலிருந்து வந்த பெண்ணின் பெயர் ஷெரைன். முப்பது வயது இருக்கும். முற்றத்து மேஜையில் ஜாடிகள். பெயர் இல்லை, எண் மட்டும். ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் பத்து. ஆல்வரின் வைத்தது நான்காம் எண். அவளிடம் வாங்கிப்போன கீழ் வரிசை ஜாடியை ஈனோஸ் பத்தாம் எண்ணாக வைத்திருந்தார்.

ஷெரைன் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தாள். பூவை விரலால் உடைத்து மறுபடி முகர்ந்தாள். கண்ணாடிக் குழலில் ஒரு சிட்டிகை, இரண்டே இழுப்பு, சாம்பலின் நிறம் பார்த்தல், ஒரு வாய் இளநீர், அடுத்தது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆல்வரின் பெஞ்சு ஓரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷெரைன் மார்க்கைப் படித்தாள். யாரும் ஆறுக்குக் கீழே போகவில்லை. நான்காம் எண்ணுக்கு எட்டு. பத்தாம் எண்ணுக்கும் எட்டு.

"நாலும் பத்தும் ஒரே தோட்டமா?" என்று கேட்டாள்.

"ஒரே ஆள்" என்றார் ஈனோஸ். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒண்ணுல குகை எரு, ஒண்ணுல கிடையாது. எதுல எதுன்னு சொல்லு பாப்போம், தங்கச்சி."

அவள் இரண்டையும் திரும்ப முகர்ந்தாள். திரும்ப இழுத்தாள்.

"தெரியல அங்கிள். ரெண்டுலயும் எலுமிச்சைத் தோல் வாசனை, ஈரக் கட்டை வாசனை. ரெண்டும் வெள்ளைச் சாம்பல். விதை நல்ல விதை, காய வெச்ச பக்குவம் அதைவிட நல்லா இருக்கு. யார் காய வெச்சது?"

"நான்" என்றாள் ஆல்வரின்.

லாசெல்ஸ் குறுக்கே பேசினான். "அண்ணி... அப்ப பதினோரு வருஷம்..."

"சும்மா இரு."

பிறகு அவள் ஷெரைனைக் கேட்டாள். "குகை எரு போட்டதுதான் வேணும்னு உங்க கடையில யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கலையே ஆன்ட்டி. நீங்க அனுப்பின தாள்ல போட்டிருந்துச்சு, குகை எருவுல வளர்ந்ததுன்னு. பாக்க நல்லா இருந்துச்சு. அப்படியே லேபிள்ல போட்டோம்."

அந்தத் தாளை எழுதியது நான். கரும்பு ஆலை ஸ்ட்ரைக் காலத்திலிருந்து ஊருக்கு எது எழுதினாலும் நான்தான். முதல் வருஷம், கடை எங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டுமே என்று, தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டேன். எக்பர்ட்டைக் கேட்டுத்தான் போட்டேன். "போடு, போடு, என் பேரையும் போடு" என்று சிரித்தான்.

ஆல்வரின் என் பக்கம் திரும்பவில்லை. ஷெரைன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"மிஸ் ஆல்வி, நீ உள்ள" என்றார் ஈனோஸ். குரலில் இப்போது சத்தம் இல்லை.

"சரி."

எழுந்து லாசெல்ஸ் அருகில் போனாள்.

"செவ்வாக்கிழமை டவுன் ஆஸ்பத்திரி. வண்டி ஏழு மணிக்கு. நெஞ்சுப் படம் எடுக்கணும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு."

செவ்வாய் காலை ஆறே முக்காலுக்கே, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, லாசெல்ஸ் ரோட்டோரம் நின்றான்.