கிணற்றுக்குள் நான், பூட்டிய வீட்டுக்குள் அவள்

நான் கிணற்றுக்குள் விழுந்த அன்று, என் மனைவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். சாவி என் இடுப்பில் இருந்தது. முருகனை நம்பி வாழும் உங்களிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அவன் எனக்கு என்ன செய்தான் என்பது உங்களுக்குப் புரியும்.

எனக்கு எழுபத்தாறு வயது. ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கம். ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்றேன். கல்யாணத்துக்குக் கிடைத்த லீவு முடிந்ததும் பாவாயியை என் அம்மாவிடம் விட்டுவிட்டு ரயில் ஏறியவன் நான். மகள் பிறந்தபோதும் பக்கத்தில் இல்லை, மகன் பிறந்தபோதும் இல்லை. நான் பனிமலையில் எல்லையைக் காத்தேன். அவள் என் அப்பா அம்மாவைப் பார்த்தாள், எங்கள் விவசாயக் காட்டுக்குத் தண்ணீர் கட்டினாள், பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். ஓய்வு பெற்று வந்த அன்று அவளிடம் ஒன்றுதான் சொன்னேன்: "இனி உன்னை உட்டுட்டு ஒரு ராத்திரிகூட வெளிய தங்க மாட்டேன்." இன்றுவரை அதைக் காப்பாற்றி வருகிறேன்.

அவளுடைய நோய் மெல்ல வந்தது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் நின்றாள். சேலத்தில் காட்டினோம். இது மறதி நோய், ஏறிக்கொண்டுதான் போகும், குறையாது என்றார் டாக்டர். மகன் ஹைதராபாத்தில் இருக்கிறான். அவன் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அந்த மாடி வீட்டில் அவள் இரவு பகலாக அழுதாள். திரும்பி வந்துவிட்டோம். மகளைத் திருச்செங்கோட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கும் மாமனார் மாமியார் இருக்கிறார்கள். ஆகவே, காட்டுக்குள் இருக்கும் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

ஒருநாள் காலையில் காப்பி கொடுத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க பட்டாளத்துலருந்து வாரீங்களா? எங்க ஊட்டுக்காரரு எப்பங்க லீவுல வாராரு?"

பனியில் மாட்டி உயிர் பிழைத்தவன் நான். கூட இருந்தவர்களை இழந்திருக்கிறேன். அன்று மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுத மாதிரி எங்கேயும் அழுததில்லை. அதன்பின் தினமும் அதே கேள்வி. "அடுத்த வாரம் வாராருங்கம்மா" என்று நானும் தினமும் சொல்வேன். அவள் முகம் மலரும். சன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். வழியில் யார் போனாலும் அவர்களிடமும் அதையே கேட்பாள். கேட்டுக் கேட்டு ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. யாரும் நின்று பதில் சொல்வதில்லை.

ஒருமுறை, புருசனை அழைத்து வரப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நாமக்கல் ரோட்டுக்கே போய்விட்டாள். லாரிக்காரர் பிரேக் போட்டதால் தப்பினாள். அதிலிருந்துதான் நான் காட்டுக்குப் போகும்போது வெளியே பூட்டுவேன். பூட்டும்போதெல்லாம் கை கூசும். பூட்டாமலும் முடியாது. அவளும் சிறையில் இருந்தாள், நானும் சிறையில் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, இழவு, எதற்கும் நான் போய் வருடங்கள் ஆகியிருந்தன.

போன பங்குனி உத்திரத்துக்கு ஊரே தீர்த்தக்காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தது. முன்பெல்லாம் பாவாயியையும் கூட்டிக்கொண்டு வருடா வருடம் போனவன் நான். வாசலில் நின்று கும்பிட்டு அனுப்பிவைத்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் காலை, வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு உடனே வந்துவிடலாம் என்று கிளம்பினேன். போன் வீட்டில் சார்ஜில் இருந்தது.

மேட்டுக்காட்டில் எங்கள் பழைய கிணறு இருக்கிறது. போர்வெல் போட்ட பிறகு அதை யாரும் பயன்படுத்துவதில்லை. படிகள் எப்போதோ சரிந்துவிட்டன. தண்ணீர்க் குழாய் அதன் ஓரமாகத்தான் போகிறது. குழாயில் ஒரு இணைப்பு கழன்று தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. குனிந்து மாட்டினேன். நனைந்திருந்த மண் காலடியில் அப்படியே சரிந்தது.

அடியில் முழங்காலளவு சேறு. அதனால்தான் உயிர் இருந்தது. ஆனால் வலது கால் எனக்குச் சொந்தமில்லாத கால் மாதிரி திரும்பிக் கிடந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கத்தினேன். என் சத்தம் கிணற்றுச் சுவரிலேயே மோதி என் காதுக்குத் திரும்பி வந்தது. ரோட்டில் ஒரு டிராக்டர் போவது கேட்டது. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அது போய்விட்டது. கல் இடுக்கில் கூடு கட்டியிருந்த புறா மட்டும் பயந்து பறந்தது. பிடிமானம் தேடிக் கல்லைப் பற்றினேன். கல் கையோடு வந்தது. மறுபடி பற்றினேன், நகம் பெயர்ந்தது.

வெயில் நேர் மேலே வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. காலையில் கேஸ் அடுப்பை மூடினேனா?

எப்போதும் சிலிண்டரையே மூடிவிட்டுத்தான் வருவேன். அன்று மூடியதாக நினைவு இல்லை. அவளுக்குப் பசித்தால் அடுப்படிக்குப் போவாள். திருகுவாள். பற்றவைக்க மறந்துவிடுவாள். சன்னல் ஒன்றுதான் திறந்திருக்கிறது. கதவு வெளியே பூட்டியிருக்கிறது. சாவி இங்கே, என்னோடு சேற்றில்.

அதுவரை கால் வலித்தது. அதன் பிறகு கால் ஞாபகமே இல்லை.

முதலில் எனக்காகத்தான் வேண்டியிருந்தேன். "என்னைத் தூக்கி உடு முருகா, அடுத்த வருசம் உன் மலைக்கு முழங்காலிலேயே ஏறி வாரேன்" என்றெல்லாம் பேரம் பேசியிருந்தேன். இப்போது எந்தப் பேரமும் வாயில் வரவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "முருகா, நான் இங்கியே கெடக்கறேன். அவ கதவை மட்டும் தொறந்து உடு. யாரையாவது அவகிட்ட அனுப்பு" என்று மண்ணில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு குரலும் போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. வெயில் சுவரில் மேலே மேலே ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பொழுது சாயப் போகிறது. அவன் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன்.

மேலே ஆடுகள் கத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

"மாமா! ஏனுங் மாமா! உள்ள இருக்கறீங்களா?"

பக்கத்துக் காட்டு மல்லிகா. மாமியாருக்கு உடம்பு சரியில்லாததால் அவள் பழனிக்குப் போகாமல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குரல் வரவில்லை. கல்லை எடுத்துக் கல்லில் தட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ சாமி! இருங்க மாமா, ஆளுக கூட்டியாரேன்!"

எங்கிருந்தோ எனக்குக் குரல் வந்தது. "மொதல்ல ஊட்டுக்குப் போ சாமி! பூட்டை ஒடை! கேஸ் தெறந்திருக்குதான்னு பாரு! நான் அப்பறம்!"

ஓடினாள். அவள் திரும்பி வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்குத் தெரியாது.

"அத்தை நல்லா இருக்காங்க மாமா! சிலிண்டர் மூடித்தான் கெடந்துது! தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டாச்சு!"

அப்போதுதான் என் கால் மறுபடி வலிக்கத் தொடங்கியது.

கயிற்றுக் கட்டிலில் கட்டி என்னை மேலே தூக்கினார்கள். பாவாயி வரப்பில் நின்றிருந்தாள். நேராக என்னிடம் வந்தாள். சேலை முந்தானையால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

"ஏனுங்க, பாத்துப் போகக் கூடாதுங்களா? காத்தாலருந்து நானும் சாப்பிடலீங்க" என்றாள்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். பட்டாளத்துக்காரரிடம் பேசுகிற மாதிரி இல்லை, புருசனிடம் பேசுகிற மாதிரி. தீயணைப்புக்காரர்கள் வலியில் அழுகிறேன் என்று நினைத்துத் தைரியம் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியிலும் பாவாயியை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தங்க வைத்துக்கொண்டேன். அங்கே வைத்துத்தான் மல்லிகா எல்லாம் சொன்னாள்.

"நான் ஆடோட்டீட்டுப் போனேனுங் மாமா. அத்தை சன்னல்ல நின்னு கூப்பிட்டாங்க. எப்பவும் போலத்தான் கேப்பாங்கன்னு நானும் நிக்காமத்தான் போனேன். ஆனா அத்தை, 'மல்லிகா, எங்க ஊட்டுக்காரரு கெணத்து மேட்டுக்குத் தண்ணி கட்டப் போனாரு, காத்தால போனவரு இன்னும் வல்லே, போயிப் பாரு சாமி'ன்னாங்க. எம் பேரைச் சொன்னாங்க மாமா! எம் பேரு அவங்க வாயில வந்து எத்தனை வருசமாச்சு! எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. அப்படியே ஓடியாந்துட்டேன்."

அவளிடம் யாரையாவது அனுப்பு என்று நான் வேண்டினேன். அவன் அவளையே என்னிடம் ஆள் அனுப்ப வைத்தான்.

இந்த நோய்க்காரர்களுக்கு எப்போதாவது இப்படித் தெளிவு வரும் என்று டாக்டர் சொன்னார். வரட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெளிவு அன்றைக்கு, அந்தச் சன்னலில், மல்லிகா கடந்து போன அந்தக் கொஞ்ச நேரத்தில் ஏன் வந்தது? அதற்கு டாக்டரிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது.

மறுநாளே பாவாயி பழையபடி ஆகிவிட்டாள். அதை மறைத்துச் சொன்னால் இது சாட்சி ஆகாது. அவள் நோய் தீரவில்லை. என் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், கோல் ஊன்றித்தான் நடக்கிறேன். ஆனால் எங்கள் வீடு மாறிவிட்டது. கிணற்றை மண் போட்டு மூடிவிட்டோம். யாராவது ஒருவர் அவளோடு இருப்பதால் கதவை இப்போது பூட்டுவதில்லை. மகள் வாரத்தில் பாதி நாள் எங்களோடு இருக்கிறாள். அவள் மாமியாரே, "உங்கம்மாளைப் போய்ப் பாரு கண்ணு" என்று அனுப்பிவைக்கிறார். நான் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்காததால்தான் இத்தனை நாள் அவர்களுக்குத் தெரியவில்லை. மல்லிகா மதியத்தில் வந்து பாவாயிக்குத் தலை வாரிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் நான் பக்கத்திலிருக்கும் முருகன் கோயில் மலையடிவாரம் வரை போய்க் கும்பிட்டு வருகிறேன். படி ஏற முடியாது. கீழே நின்று கும்பிட்டாலும் அவனுக்குத் தெரியும்.

நோயாளியைப் பார்த்துக்கொண்டு, நான்கு சுவருக்குள் யாருக்கும் தெரியாமல் மூச்சு முட்டிக் கிடக்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொன்னேன். கூப்பிடுங்கள். தொண்டை போனால் உதட்டால் கூப்பிடுங்கள். கடவுளைக் கூப்பிடும் வாயாலேயே பக்கத்து வீட்டாரையும் ஒரு முறை கூப்பிடுங்கள். அவன் யார் வாயிலிருந்து பதில் சொல்வான் என்று நமக்குத் தெரியாது. எனக்கு, என் முகத்தையே மறந்துபோனவளின் வாயிலிருந்து சொன்னான்.