அப்பா முறிக்காத கை

என் அப்பா ஒரு ஆளின் கையை முறித்துவிட்டார் என்று ஊருக்குள் கிளப்பிவிட்டவள் நான்தான். வேறு யார் மீதும் பழியைப் போட வழியில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும்போதே எனக்கு அவ்வளவு வாய்.

அப்பா அப்போது கொடைக்கானல் மலையில் ஒரு ஸ்டேஷனில் ஏட்டு. அந்த வருடம் அவரைக் கீழே மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். திமிறுகிற ஆளைக் காயம் படாமல் எப்படிப் பிடிப்பது என்பதுதான் பாடமாம். "இத்தன வருசம் கழிச்சு இதப் போயி இப்பப் படிக்கிறாகளாக்கும்" என்று அம்மா சிரித்தாள். திரும்பி வந்த அப்பா என்னைப் பாயில் குப்புறப் படுக்கச் சொல்லி, முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்திக்கொண்டு, "இப்ப ஒரு பாட்டுப் பாடு பாப்பா, பாப்போம்" என்றார். இரண்டாவது வரியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

கீழே கிடக்கிறவன் மூச்சுக்குத்தான் தவிப்பானாம். மேலே முழங்காலை ஊன்றியிருக்கிற போலீஸ்காரர், இவன் இன்னும் திமிறுகிறான் என்று நினைத்துக் கூடுதலாக அழுத்துவாராம். விலங்கு மாட்டியதும் ஆளைப் புரட்டி உட்காரவைத்துவிட வேண்டுமாம். "மூச்சு முட்டுதுன்னு கத்துவான். பேசறவனுக்கு மூச்சு இருக்குன்னு நாங்க பாட்டுக்கு அழுத்துவோம். அது தப்பாம்" என்றார் அப்பா. எனக்கு அதெல்லாம் விளையாட்டாக இருந்தது. இன்னொரு தடவை அழுத்துங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்று எழுந்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் அந்தச் சம்பவம். பேத்துப்பாறையிலிருந்து கேரட் மூட்டை ஏற்ற வருகிற ஒருவர் நன்றாகக் குடித்துவிட்டு, கோசு வெட்டுகிற கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றுகொண்டார். கிட்டே வந்தால் வெட்டுவேன் என்று ஒரே கத்தல். அப்பா ஜீப்பில் வந்து இறங்கியபோது நான் அம்மாவோடு எதிர்க் கடையில்தான் நின்றிருந்தேன். பக்கத்தில் என் வகுப்புத் தோழியும் அவளுடைய அப்பாவும். அவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி.

இப்போது பார் என்று தோழியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவோ லத்தியை உடன் வந்த போலீஸ்காரரிடம் கொடுத்தார். தொப்பியையும் கழற்றிக் கொடுத்தார். கூட்டத்தை நாலு கடை தள்ளி நிற்கச் சொன்னார். இடையில் மூட்டைகள் இருக்கிற மாதிரி தள்ளி நின்றுகொண்டு, "என்னய்யா, காலைல சாப்பிட்டியா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு மணி நேரம் இதே சோலிதான். அந்த ஆளுடைய அக்காவுக்குச் சொல்லி அனுப்பி, அவள் வந்து அழுது, கடைசியில் கத்தி கீழே விழுந்தது. விலங்கு மாட்டி ஜீப்பில் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போனார்கள். அதுவரை நான் "அடிங்கப்பா, அடிங்கப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "ஏட்டு பயந்துட்டாருடோய்!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. பலபேர் செல்போனில் வீடியோவும் எடுத்தார்கள்.

மறுநாள் வகுப்பில் தோழி எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஏன்டி, உங்கப்பா லத்தி வச்சிருக்கறது துணி காயப்போடவா?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ! வீடியோவில் வராதது ஸ்டேஷனில் நடந்தது என்றேன். அப்பா அவரைக் குப்புறத் தள்ளி இடது முழங்காலை முதுகில் ஊன்றினார், மூச்சு முட்டுது சார் என்று அவர் கதற, "பேசறவனுக்கு மூச்சு இருக்கு" என்று சொல்லிக் கையைப் பின்னால் முறுக்கினார், மளுக்கென்று சத்தம் கேட்டது என்றேன். சும்மா கையை உடைத்தார் என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒருத்தியும் நம்பியிருக்க மாட்டாள். அந்த முழங்காலும் அந்தப் பேச்சும்தான் நம்பவைத்தன. ஒரு வாரம் வகுப்பில் என் ராஜ்ஜியம்தான்.

என் போதாத காலம், அந்த ஆள் பத்து நாள் கழித்து நிஜமாகவே மூட்டையோடு சரிவில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு அவர் சந்தைப்பக்கம் வந்ததைப் பேக்கரிக்காரர் பார்த்தார். மகள் வீட்டில் சொன்ன கதை அவருக்கு ஞாபகம் வந்தது. நல்ல மனிதர், சும்மா இருக்க முடியவில்லை. இப்படியும் ஒரு போலீஸா என்று மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார்.

அப்பாவைக் கீழே ஆயுதப்படைக்கு மாற்றினார்கள். விசாரணை முடியும்வரை ஸ்டேஷன் பக்கம் வரக்கூடாது. "வேலையே போனாலும் போயிரும் போலக்கா. எந்தப் படுபாவி கெளப்பி விட்டானோ, அவன் நாக்கு அழுகிப் போக!" என்று அம்மா போனில் பெரியம்மாவிடம் அழுதாள். படுபாவி பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரம் அப்படியே போனது.

என் அப்பாவைக் காப்பாற்றியது நானில்லை, கட்டுப்போட்ட கையோடு விசாரணைக்கு வந்த அந்த மனிதர்தான். ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டி, விழுந்த தேதியைக் காட்டினாராம். "ஏட்டையா எங்கைய முறிச்சாரா? எவன்யா சொன்னது? வெலங்கு மாட்டையில கூட இறுக்கமா இருக்கான்னு கேட்டாரு. டீ வாங்கிக் குடுத்தாருங்க" என்றாராம். மனு அத்தோடு முடிந்தது.

ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் அப்பா என்னை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். முழங்காலும், பேசறவனுக்கு மூச்சு இருக்கு என்பதும் அப்படியே இருந்தன. அதை அவர் சொல்லிக் கேட்ட பிள்ளை நான் ஒருத்திதான். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். இனிமேல் பொய்யே சொல்ல மாட்டேன் என்றேன்.

"அழாத பாப்பா" என்றார். கொஞ்ச நேரம் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னதுல பொய்யி ஒண்ணுமில்ல. ஆளுதான் வேற. நான் நெசமா செஞ்சன்னைக்கு ஒருத்தனும் மனு எழுதல."

அழுகிற பிள்ளையைத் தேற்ற அப்பாவும் ஒரு கதை கட்டுகிறார் என்றே நினைத்தேன். என் பொய்க்கு அவர் பொய் சரியாய்ப் போயிற்று என்று மனசு லேசாகிவிட்டது. "போங்கப்பா, சும்மா சொல்றீங்க" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இன்னொரு ஆள் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்பேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை. மன்னிப்புக் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வெரசாக எழுந்து விளையாடப் போய்விட்டேன்.