வியாழக்கிழமையின் ஏழு விநாடிகள்

என் மகள் வெளிநாட்டில் கணினி வலைப்பின்னல் ஆராய்ச்சி செய்கிறாள். ஓடும் வண்டியில் கைபேசியில் படம் பார்ப்பவருக்கு அது நின்று நின்று வராமலிருக்க வழி தேடுவது அவள் வேலை. சென்ற கோடையில் எனக்கும் அதில் ஒரு பங்கு கொடுத்தாள். தினமும் காலை செவிலிமேட்டில் டவுன் பஸ் ஏறி, அவள் அனுப்பிய செயலியில் படத்தை ஓடவிட்டு, எங்கே எத்தனை விநாடி நிற்கிறது என்று குறிக்க வேண்டும்.

நாட்குறிப்பு எழுதியே பழகியவனுக்கு இது பெரிய வேலையில்லை. அவள் அம்மா போன பிறகு எழுதத்தான் ஒன்றும் இருக்கவில்லை. மழை, மின்தடை, பால் திரிந்தது.

படம் எந்தக் கணினியில் இருக்கிறதோ அதனிடம் போய்க் கேட்பது பழைய வழக்கமாம். இவள் முறையில் படத்தின் பெயரைச் சொன்னால் போதும், பக்கத்தில் பிரதி வைத்திருக்கும் கணினி எதுவானாலும் கொடுத்துவிடும். பஸ் அடுத்து எந்த செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் போகும் என்று கணித்து, அடுத்த துண்டை அங்கே முன்பே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

"மண்டகப்படி மாதிரி," என்றேன். "சாமி வர்றதுக்கு முன்னாடியே மண்டபத்துல எல்லாம் ரெடியா வெச்சுக்கினு நிக்கறாங்களே."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா எங்க ப்ரொபசருக்கு மூணு மாசம் மிச்சம், நைனா."

முன்பெல்லாம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேசுவாள். இப்போது தினமும் மாலை. எந்த ஸ்டாப், பஸ் நின்னுக்கினு இருந்துதா, ஓடிக்கினு இருந்துதா என்று தொடங்கி, சாப்பாடு, முட்டிவலி என்று பேச்சு நீளும்.

வாரங்கள் போகப்போகப் படம் நிற்பது குறைந்தது, பேச்சும் குறைந்தது. ஒரு புதன்கிழமை எங்கேயும் நிற்கவில்லை. "சூப்பர் நைனா," என்று வைத்துவிட்டாள். வியாழனும் நிற்கவில்லை. பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து, 'பள்ளிக்கூட வளைவு, ஏழு விநாடி' என்று எழுதி அனுப்பினேன். அன்று நாற்பது நிமிடம் பேசினாள்.

சனிக்கிழமை கேட்டாள். "செயலியும் தனியா குறிச்சுக்கினு இருக்குது நைனா. வியாழக்கிழம எங்கயும் நிக்கலயே. வாட்சத் தப்பா பாத்தியா?"

"இல்லமா. நானாதான் எழுதினேன்."

"எதுக்கு?"

"பேசறதுக்கு."

அவள் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அந்த வரிய எடுத்துடறேன்," என்றாள். "அடுத்த வாரத்தோட டெஸ்ட் முடியுது, நைனா."

என் நோட்டில் நான் எதையும் அழிப்பதில்லை. அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'பொய்' என்று எழுதினேன்.

சோதனை முடிந்த பிறகும் காலையில் பஸ் ஏறினேன். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பத்து நாளுக்கும் ஒரே குறிப்பு: அழைப்பு இல்லை. பதினோராம் நாள் மாலை கைபேசி ஒலித்தது.

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல நைனா. சும்மாதான்."

ஆறு நிமிடம் பேசினோம். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.