வானத்தில் நாலேகால் மணி, ரோட்டில் நாலரை மணி

விமான டிக்கெட் போடுகிறவனுக்கு விமானத்தைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது. திண்டிவனம் பஸ் எத்தனை மணிக்கு என்றும் தெரிய வேண்டும். தோழர்களே, டிக்கெட் மேசைக்கு எந்தப் பக்கம் இருந்து நொந்தவர்களானாலும் உங்களுக்கு இது புரியும். செஞ்சிக்கு ரயில் கேட்டு முப்பது வருடம் துண்டறிக்கை எழுதி, மறியலில் உட்கார்ந்து, கல்யாண மண்டபங்களில் அடைபட்டவன் நான். ரயில் வரவில்லை. விமான டிக்கெட் விற்கிறேன்.

கடிகாரம்

செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்து ஏழுமலை வெல்டர். துபாயில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை வேலையில் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். வியாழக்கிழமை சென்னையில் மதியம் மூன்றுக்கு ஏறி, துபாயில் ஐந்தே முக்காலுக்கு இறங்கும்படி டிக்கெட் போட்டேன்.

"மூவாயிரம் கிலோமீட்டருக்கு ரெண்டே முக்கா மணி நேரமா?" என்றார் அவன் மனைவி செல்வி. பறப்பது நாலேகால் மணி நேரம், அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் என்று விளக்கினேன். அவர் கணவனைக் கவலையோடு பார்த்தார்.

"அங்க போனா இவருக்குப் பசி எந்த கடியாரப்படி எடுக்கும்ண்ணா?"

மூன்று மணி நேரம் முன்பே

செஞ்சியிலிருந்து சென்னை விமான நிலையம், பஸ் மாறி மாறிப் போனால் நாலரை மணி நேரம். பன்னிரண்டுக்கே உள்ளே இருக்க வேண்டும், ஏழரை பஸ்ஸைப் பிடி என்றேன். ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறியே பழகிய ஏழுமலைக்கு அது அநியாயமாகப் பட்டது.

"அவ்ளோ முன்னாடி போயி இன்னா பண்றது தலைவரே? பிளேன கழுவியே முடிச்சிருக்க மாட்டாங்க."

குடங்கள்

வியாழக்கிழமை எட்டு மணிக்குப் போன் வந்தது. திண்டிவனத்துக்கு முன்னால் ஓர் ஊரில் குடிநீர் கேட்டு மறியல். ரோடு முழுக்கக் காலிக் குடங்கள். "வேல போச்சி தலைவரே" என்றான் ஏழுமலை. அழுகிற குரல்.

மறியல் எனக்குப் புதிதா? முன்னால் நிற்பவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஒரு பெண் பேசினார். என் பெயரைச் சொன்னேன். முப்பது வருடப் போராட்டத்தைச் சொன்னேன். "எங்க மறியல்ல ஆம்புலன்சுக்கும் பரீட்சைக்குப் போறவங்களுக்கும் வழி விடுவோம்மா" என்றும் சொன்னேன்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். அதை இன்னும் நான் மறக்கவில்லை. "பஸ்ஸ உட மாட்டோம். அந்த ஆளு பத்து நிமிஷம் எங்களோட உக்காந்து கோஷம் போடட்டும். அப்பறம் எங்க வூட்டுக்காரரு வண்டியில திண்டிவனத்துல உட்டுடுவாரு."

ஒத்துக்கொண்டேன். அவருக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது.

"உங்காளுக்குத் தொண்ட நல்லா இருக்குதா, அத சொல்லுங்க மொதல்ல."

இறங்கியதும்

சாயங்காலம் நம் கடிகாரத்தில் எட்டு மணிக்குத் துபாயிலிருந்து கூப்பிட்டான். கம்பெனி வேன் வந்துவிட்டது, காலையில் வேலையில் சேரலாம் என்றான். விமானம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அந்த ஊருக்குத் தண்ணி வந்துச்சா தலைவரே?"

சென்னையிலிருந்து துபாய் நாலேகால் மணி என்று இப்போதும் அடித்துச் சொல்வேன். செஞ்சியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால், அன்றைக்கு எந்த ஊருக்குத் தண்ணீர் வரவில்லை என்பதைப் பொறுத்தது என்கிறேன்.