"ஆய்த்து" என்று சொன்ன வாய்

ஜீவனஹள்ளி வள்ளியம்மாவுக்குப் பித்தப்பையில் கல். காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு ரசம் சாதம் சாப்பிட்டதோடு சரி. காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருஷம் டீ வண்டி தள்ளியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நர்ஸ் மமதா வந்து பிரஷர் பார்த்தபடி, "ஊட்டா ஆய்த்தா அம்மா?" என்றாள்.

இந்தக் கன்னட ஊரில் 'சாப்பாடு ஆச்சா' என்று அப்படிக் கேட்டால் சாப்பாட்டைக் கேட்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. சௌக்கியமா என்பதுபோல ஒரு வார்த்தை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 'ஆச்சு' என்பதுதான் பதில்.

"ஆய்த்து கணம்மா" என்றாள் வள்ளியம்மா, சிரித்த முகமாக.

மமதா நிஜமாகவே கேட்டிருந்தாள். பேஷண்ட் சாப்பிட்டுவிட்டதாக அவள் போய்ச் சொன்ன வேகத்தில் மயக்க டாக்டர் வந்துவிட்டார்.

"ஐயோ சார், அது வாய்ப் பழக்கம். ஒரு பருக்கைகூட உள்ள போகல."

"எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க. மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. கடைசியா வெச்சுக்கலாம், மூணு மணிக்கு."

அவர் போனதும் புருஷன் எத்திராஜ் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "இன்னாமே, நான் கீழ காபிக்குப் போனப்போ எதுனா துன்னியா?"

"யோவ், நீயுமா! உன் மீசைலதான்யா வடைத் தூள் இருக்குது."

பசி அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பொய்க்காரி ஆகிவிட்டோமே என்பதுதான் உறுத்தியது. ஒருகாலத்தில் அவள் வார்த்தையை நம்பி டாக்டர்கள் ஆபரேஷனை நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்பதாம் படுக்கை கிருஷ்ணப்பா, "மாரியம்மா ஆணே, ஏனூ தின்லில்ல" என்று, எதுவுமே தின்னவில்லையெனச் சத்தியம் செய்தபோது, தலையணைக்கடியில் இருந்த பன்னை எடுத்து சிஸ்டரிடம் காட்டியவள் அவள்தான்.

வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிடும். வார்டு முனையில் அந்தச் சத்தம் கேட்டதுமே தம்ளர்கள் எழும்பும். பட்டினிப் படுக்கைகளைத் தாண்டும்போது அவள் இஞ்சி டீயின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வாள், வாசனை போய் அவர்களை வதைக்கக் கூடாதென்று. ஆபரேஷன் முடிந்து வந்தவர்களுக்கு டீ கொடுக்கலாம் என்று சிஸ்டர் சொன்னதும் முதல் தம்ளரை அவர்களுக்குத்தான் நீட்டுவாள். சிலர் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொள்வார்கள். 'என் டீக்கு என்ன கேடு?' என்று அவளுக்குக் கோபமாக வரும். மறுநாள் அதே ஆட்கள் இரண்டு தம்ளர் கேட்டு வாங்கும்போது மனசு குளிர்ந்துபோகும். கிருஷ்ணப்பாகூட மூன்றாம் நாள், "கொடவ்வா, பன் கள்ளனிகே" என்று தன்னையே பன் திருடனாக்கிச் சிரித்தபடி தம்ளரை நீட்டினார். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே மூன்று மணி வரை கிடந்தாள்.

கண் விழித்தபோது கட்டில் தொட்டில்போல ஆடியது. வாயில் மருந்துக் கசப்பு. பக்கத்துப் படுக்கைக்கு வந்த இட்லியின் வாசனை மூக்கில் ஏறியதும் குடலே மேலே வருவதுபோல இருந்தது. டீயைத் தள்ளிய முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பாவம், அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மமதா தலையை ஒருக்களித்துத் தட்டை ஏந்தினாள். இரண்டு தடவை ஓங்கரித்ததில் மஞ்சளாகக் கொஞ்சம் தண்ணீர்.

வள்ளியம்மா குழறும் நாக்கோடு தட்டைக் காட்டினாள். "நோடம்மா... நல்லா நோடு. ஒரு பருக்கை இருக்குதா?"

காலையில் தின்றிருந்தாலும் இந்நேரம் வயிற்றில் தங்கியிருக்காது என்பது மமதாவுக்குத் தெரியும்.

"இல்லம்மா, ஒண்ணுமே இல்ல" என்று அவள் வாயைத் துடைத்துவிட்டாள். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அதை அந்த டாக்டர்கிட்டயும் சொல்லு" என்று வள்ளியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.