சீரில் சேர்ந்த கியர் கார்

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் இயந்திரவியலும் படித்தேன். சேலத்தில் வேலைக்குச் சேர்ந்து, என் சம்பளத்தில் ஒரு கார் வாங்கினேன். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் டர்போ எஞ்சின், ஆறு கியர். அதே கார் ஆட்டோமேட்டிக்கிலும் வந்தது. அது என் கையைவிட வேகமாகக் கியர் மாற்றும். படித்தவளுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் சங்ககிரி சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போது, நான்கிலிருந்து மூன்றுக்கு எப்போது இறங்குவது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காகவே கியர் வண்டி எடுத்தேன்.

நாமக்கல்லில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் உறுதிவார்த்தை பேச வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. என்னைக் கேட்காமலே என் கார் சீரில் சேர்ந்துவிட்டிருந்தது. சாப்பாடு முடிந்ததும் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

தெருவில் நின்ற என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் லாரி ஓட்டுகிறவர்கள். மாப்பிள்ளை கிளட்ச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தார். கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடியும் அதேதான்.

"ஏனுங்க மாப்ள, பழத்துக்கு நோவுமின்னு பாக்கறீங்களா?" என்றார் என் தாய்மாமன். தெருவே சிரித்தது.

"அங்க எல்லாமே ஆட்டோமேட்டிக்தானுங்க," என்றார் மாப்பிள்ளை. "ரேஸ் கார்லயே இப்பக் கிளட்ச் மிதிக்கறது இல்லீங்க."

அவர் சொன்னதில் பெரிய பொய் இல்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"எறங்குங்க, நான் எடுக்கறேன்."

இறங்கினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அந்தக் காரக் குடுத்துட்டு ஆட்டோமேட்டிக்கா எடுத்துருங்க சம்பந்தி. நாளைக்கு உங்க பொண்ணுக்குத்தானுங்க கால் நோவும். வண்டி எம்பையன் பேர்ல இருக்கட்டுங்க."

போனை வைத்துவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். "மாத்திரலாம் சாமி. ஒரு காருக்காக நல்ல எடத்த உடறதா?"

"மாத்தறதுன்னா மாப்ளைய மாத்துங்கப்பா."

சம்பந்தம் நின்றுபோனது. ஊரில் யாரும் காரைக் காரணம் சொல்லவில்லை. என் படிப்பைச் சொன்னார்கள். பெண்ணை அதிகம் படிக்க வைத்தால் இப்படித்தான் என்று, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைத்து என்னைப் படிக்க வைத்த அப்பாவிடமே வந்து சொன்னார்கள். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளைக்குக் கிளட்ச் வராதது எனக்குப் பெரிதில்லை. அப்பாவின் அந்த மௌனத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போது பட்டறை வாசலில் காரை நிறுத்துகிறேன். ஏறச் சொன்னால் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "நீ போ சாமி, நான் டவுன் பஸ்ல வாரேன்," என்கிறார்.

இரண்டாம் முறை நான் கூப்பிடுவதில்லை.