துணியில் இல்லாத புள்ளி

ஆலையில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும், மேலே துணி ஓடும். ஒரு நூல் அறுந்திருந்தாலும், எறும்புத் தலையளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் அவள் கை தானாகப் போய்ச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடும். இருபத்தாறு வருஷத்தில் அவள் கவனிக்காமல் விட்ட பழுது என்று ஒன்றை யாராலும் காட்ட முடிந்ததில்லை. அந்தப் பெருமைதான் இன்று அவளை அறுக்கிறது.

ஐம்பத்தெட்டு வயதில் ஒருநாள், பழுதே இல்லாத வெள்ளைத் துணியில் பதினோரு ஸ்டிக்கர் ஒட்டிவைத்தாள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "என்னக்கா, கழுகுக்கே கண்ணாடி போடணுமா?"

கண் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள்ளே தெளிவான கூழ் ஒன்று நிறைந்திருக்கிறது. வயதாக ஆக அது நீர்த்துச் சுருங்கும், பின்சுவரை விட்டுக் கழன்றும் வரும். அதிலுள்ள நார்கள் திரளும்போது விழும் நிழல்தான் புள்ளியாகவும் நூலாகவும் மிதக்கிறது. "நரை மாதிரிதாம்மா இது. உங்க விழித்திரை நல்லா இருக்கு. ஆனா திடீர்னு நிறையப் புள்ளி வந்தாலோ, ஓரத்துல மின்னல் அடிச்சாலோ, அன்னைக்கே ஓடி வரணும்." நரை என்றதுமே நம் ஆளுக்குப் போன உயிர் திரும்பிவிட்டது. மிச்சத்தைச் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்.

அதோடு விட்டாளா? சொந்தமாக ஒரு சோதனை கண்டுபிடித்தாள். கண்ணை உருட்டிப் பார். புள்ளி கூடவே வந்தால் கண்ணில் இருக்கிறது, வராவிட்டால் துணியில் இருக்கிறது. மேசைக்கு அது அருமையான சோதனைதான். யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், கூழ், நார் என்று ஆரம்பித்துப் பாதி டாக்டராகவே ஆகிவிடுவாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, பஸ் டிரைவரான அவள் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இங்க பாரு, வலது கண்ணுல மிளகுப் பொடி தூவின மாதிரி இருக்கு. ஓரத்துல பளிச் பளிச்சுன்னு வேற அடிக்குது."

"கண்ணை உருட்டுங்க. கூடவே வருதா?"

"வருது."

"அப்ப வயசுதான். எனக்கு இல்லையா? கிழவனாயிட்டீங்க, ஒத்துக்குங்க."

அவரும் சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணில் கீழிருந்து கறுப்புத் திரை ஏறியது. மதியத்துக்குள், எதிரே நின்ற அவள் முகம் அந்தக் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தார். "விழித்திரை கிழிஞ்சு, பிரிஞ்சே வந்திடுச்சு. மின்னல் எப்பலேருந்து அடிச்சுது?"

"இன்னைக்குக் காலையிலதான்," என்றார் அவர் சட்டென்று.

அவள் குறுக்கிட்டாள். "இல்ல டாக்டர், திங்கக்கிழமையிலேருந்து. நான்தான் ஒண்ணுமில்லேன்னு சொன்னேன்."

டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வெறும் கிழிசலா இருந்தப்பவே வந்திருந்தா லேசர்லயே சரி பண்ணியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். இனி ஆபரேஷன்தான், அதற்குப் பிறகும் பழைய பார்வை வராது, பஸ் ஓட்ட முடியாது.

வெளியே பெஞ்சில் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தவளின் கையைக் கணவர் பிடித்துக்கொண்டார். "அழாதே. நீ சொல்லலேன்னாலும் நான் வந்திருக்க மாட்டேன். திங்கக்கிழமை லீவு எங்க கிடைக்கும்?"

அதுவும் பொய். கண்ணைக் காட்ட வேண்டுமென்று டிப்போவுக்குப் போன் செய்து, லீவு வாங்கிய பிறகுதான் அன்று அவர் சமையலறைக்கே வந்தார். திரும்பப் போன் செய்து லீவு வேண்டாமென்று சொல்லவைத்ததும், காக்கிச் சட்டையைக் கையில் கொடுத்து வேலைக்கு அனுப்பியதும் அவள்தான்.